சுவரில் ஃபோம் ஒட்டினால் தறிச் சத்தம் நிற்குமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் குடியிருக்கிறோம். பக்கத்து வீட்டில் நான்கு விசைத்தறிகள் ஓடுகின்றன. இடையில் இருப்பது ஒரே பொதுச்சுவர். இரவில் தூக்கமில்லை. சுவர் முழுக்க ஃபோம் தகடு ஒட்டினால் 90 சதவீதச் சத்தம் போய்விடும் என்று சொல்லி, ஒரு கடைக்காரர் 42,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த 90 பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அது உங்களுக்கான எண் அல்ல. ஃபோம் அட்டைப்பெட்டியில் ‘என்.ஆர்.சி. 0.90’ என்று அச்சிட்டிருப்பார்கள். அறைக்குள் எழுகிற ஒலி தகட்டின் மீது பட்டால், அதில் எவ்வளவு எதிரொலிக்காமல் அடங்குகிறது என்பதற்கான அளவு அது. பாட்டுப் பதிவு செய்யும் அறைக்கு அது தேவை. அடுத்த வீட்டிலிருந்து வருவதைத் தடுக்கும் திறனுக்கு ‘எஸ்.டி.சி.’ என்று வேறோர் அளவு உண்டு. கடைக்காரரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பேச்சு மாறிவிடும்.

சுவர் எப்படிச் சத்தத்தைத் தடுக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு பொருளின் அடர்த்தியை, அதனுள் ஒலி ஓடும் வேகத்தால் பெருக்குங்கள். காற்றுக்கு ஏறத்தாழ 410 வரும். கான்கிரீட்டுக்கு 80 லட்சத்தைத் தாண்டும். எஃகுக்கு நான்கரைக் கோடி. அடுத்தடுத்து இருக்கும் இரு பொருள்களின் எண்கள் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ, அவ்வளவுக்கு எல்லையில் ஒலி திரும்பிவிடும். காற்றிலிருந்து கான்கிரீட்டுக்குள் நுழைவது ஏறக்குறைய ஐயாயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான். எஃகிலிருந்து கான்கிரீட்டுக்கோ பாதிக்கு மேல் போய்விடும். தடிமனான பொருள்களுக்கான கணக்கு இது. மெல்லிய சுவர் மொத்தமாகவே அதிர்ந்து கொடுக்கும் என்பதால், அங்கே அதன் எடைதான் பேசும்: எடை இரட்டித்தால் சத்தம் சுமார் 6 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) குறையும். ஃபோமுக்கு எடையே கிடையாது.

இப்போது தறியைப் பாருங்கள். இரும்புக் கால்கள் போல்ட் போட்டுத் தரையில் இறுக்கப்பட்டிருக்கும். நாடா (ஊடைநூலைக் கொண்டு குறுக்கே ஓடும் கட்டை) அடிக்கும் ஒவ்வோர் அடியும் காற்றுக்கு வராமலே கால் வழியாகத் தரைக்கும், தரை வழியாக உங்கள் சுவருக்கும் வந்துவிடுகிறது. சோதிப்பது எளிது. தறி ஓடும்போது பொதுச்சுவரை ஒட்டித் தரையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர் வையுங்கள். மேற்பரப்பில் வளையம் வளையமாக நடுங்கினால் சத்தம் தரை வழியாகத்தான் வருகிறது. அப்போது மருந்து உங்கள் வீட்டில் இல்லை. தறியின் காலடியில் இருக்கிறது. தறியின் எடைக்கேற்ற ரப்பர் அதிர்வுத் தாங்கிகள் வேண்டும். கல்லைப்போல் இறுகிய ரப்பரால் பயனில்லை. போல்ட் ரப்பரைத் துளைத்து நேரே தரையில் இறங்கினாலும் பயனில்லை, இரும்பு வழி அப்படியே திறந்திருக்கும்; போல்ட்டுக்கும் ரப்பர் புஷ், ரப்பர் வாஷர் போட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் செலவுக்குத் தயங்கினால் நீங்களே பாதி கொடுத்துவிடலாம் என்பது என் யோசனை. எப்படியும் 42,000 ஆகாது.

தண்ணீர் அசையவில்லை என்றால் சன்னலையும் கதவையும் பாருங்கள். ஏழடிக்கு மூன்றடிக் கதவின் கீழே அரை அங்குல இடுக்கு இருந்தால், அது பரப்பில் 0.6 சதவீதம்தான். ஆனால் அந்தக் கதவு தேக்கானாலும் இரும்பானாலும் சுமார் 22 டெசிபலுக்கு மேல் தடுக்காது. முதலில் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டுங்கள். பொதுச்சுவரைத் தொடாமல் தனிச் சட்டத்தில் ஜிப்சம் பலகை நிறுத்தி, இடைவெளியில் ராக்வூல் (கல் இழைப் பஞ்சு) நிரப்புவது கடைசி வழி, அறையும் சுருங்கும்.

கடைக்காரர் விடாப்பிடியாக நின்றால், ‘பக்கத்து வீட்டுச் சத்தம் 90 சதவீதம் குறையும்’ என்று பில்லில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. மழை பெய்தால் எதிரில் இருப்பவர் பேசுவதே கேட்பதில்லை. அடியில் தெர்மாகோல் ஒட்டச் சொல்கிறார்கள், சரியா?

பதில்: வெயிலுக்குச் சரி, மழைக்குப் போதாது. துளி விழுந்ததும் தகடே பறையாக அதிர்கிறது. அந்த அதிர்வைத் தகட்டிலேயே அடக்க வேண்டும். கனமான பிட்டுமன் (தார்) பட்டையைத் தகட்டின் அடிப்பக்கம் நேரே ஒட்டி, அதற்குக் கீழே கிளாஸ்வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) வைத்து உட்கூரை போடுங்கள். கூரையையே மாற்றுவதாக இருந்தால், நடுவில் தெர்மாகோல் வைத்த பேனலைவிட ராக்வூல் வைத்தது மேல். தீப்பிடிக்கும் பயமும் குறைவு. முழு வீட்டுக்கும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். படுக்கையறைக்கு மேல் மட்டும் போட்டு, ஒரு நல்ல மழையைப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்லுங்கள்.