கடத்துதிறன் நன்றாக இருக்கிறது, செல் ஏன் ஷார்ட் ஆகிறது?

கேள்வி: நான் ஆய்வு மாணவன். இமைன் (கார்பன்-நைட்ரஜன் இரட்டை) பிணைப்புள்ள சிஓஎஃப் (சகபிணைப்புக் கரிமச் சட்டகம், அதாவது நுண்துளைகள் நிறைந்த படிகப் பொருள்) தூளில் லித்தியம் உப்பை ஏற்றி, 300 மைக்ரான் தடிமனுள்ள வில்லையாக அழுத்தி, திண்ம மின்பகுளியாக (மின்கலத்தில் அயனிகளைக் கடத்தும் திடப் படலமாக) பயன்படுத்துகிறேன். அறை வெப்பநிலையில் கடத்துதிறன் செ.மீ.க்கு 0.1 மில்லிசீமென்ஸ். இரு பக்கமும் லித்தியம் வைத்து ச.செ.மீ.க்கு 0.2 மில்லிஆம்பியரைத் திசை மாற்றி மாற்றிச் செலுத்தினால், முதல் நாள் 70 மில்லிவோல்ட் காட்டியது. பிறகு 15க்கு இறங்கி, நாள்கணக்கில் அங்கேயே நிற்கிறது. செல் நன்றாகச் செட் ஆகிவிட்டது என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். அப்படி எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் செல் ஷார்ட் ஆகிவிட்டது, சத்தமில்லாமல்.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 0.03 செ.மீ. தடிமனைக் கடத்துதிறனால், அதாவது 0.0001 சீமென்ஸால் வகுத்தால், ஒரு ச.செ.மீ. பரப்புள்ள வில்லையின் தடை 300 ஓம். அதில் 0.2 மில்லிஆம்பியர் பாய்ந்தால் 60 மில்லிவோல்ட். இது வில்லைக்கு மட்டும். லித்தியத்தைத் தொடும் பரப்பின் தடை இதற்கு மேல் சேரும். ஆக, முதல் நாள் கண்ட 70 நியாயமானது. 15 வர வேண்டுமென்றால் மின்னோட்டத்தின் பெரும்பகுதியை அயனிகள் அல்ல, எலக்ட்ரான்கள்தான் சுமக்க வேண்டும். உள்ளே எங்கோ மெல்லிய லித்தியம் இழை இரு பக்கத்தையும் தொட்டுவிட்டது. மின்னழுத்த வரைபடத்தில் தட்டையான, அழகான சதுர அலை கிடைத்தால் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இந்தக் கணக்கைப் போடாமல் 'ஆயிரம் மணி நேரம் நிலைத்தது' என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சந்தேகமிருந்தால் செல்லைப் பிரிக்கும் முன் 50 டிகிரிக்குச் சூடாக்கிப் பாருங்கள். அயனி வழியென்றால் தடை நன்றாகக் குறையும். உலோக வழியென்றால் லேசாக ஏறும், அல்லது அசையாது.

சரி, காரணம் என்ன? சிஓஎஃப்-இன் துளை சில நானோமீட்டர்தான், அதில் டென்ட்ரைட் (கிளைவிட்டு வளரும் லித்தியம் இழை) நுழையாது என்று நினைத்திருப்பீர்கள். ஒரே படிகத்துக்கு அது பொருந்தும். உங்களிடம் இருப்பது தூள். துகளுக்கும் துகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளி அந்தத் துளையைவிடப் பல மடங்கு பெரியது. லித்தியம் அந்த வழியாகத்தான் போகிறது. வில்லையின் எடையைக் கன அளவால் வகுத்து அடர்த்தியைக் கண்டுபிடியுங்கள். படிக அமைப்பிலிருந்து கணக்கிட்ட அடர்த்தியோடு ஒப்பிடுங்கள். 70 சதவீதம் என்று வந்தால், மீதி 30 வெற்றிடம். முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான். தூளோடு துகள்களை ஒட்டவைக்கக் கொஞ்சம் பாலிமர் பைண்டர் சேர்க்கலாம். அதைவிட, மெல்லிய படலமாகவே வளர்க்க முடிந்தால் நல்லது: 30 மைக்ரானில் தடையும் பத்தில் ஒன்றாகிவிடும்.

செல்லை இறுக்கித் தொடர்பைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். லித்தியம் சுமார் 1 மெகாபாஸ்கல் அழுத்தத்திலேயே நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் மென்மையான உலோகம். இறுக்க இறுக்க அதுவே வெற்றிடங்களுக்குள் பிதுங்கும்.

இன்னொன்று, அந்த 0.1 மில்லிசீமென்ஸையே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். உப்பை எந்தக் கரைப்பானில் ஏற்றினீர்கள்? டிஎம்எஃப் என்றால் அதன் கொதிநிலை 153 டிகிரி, நானோ துளைக்குள் இன்னும் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கும். 80 டிகிரியில் ஓர் இரவு உலர்த்தினால் முழுதாகப் போகாமல் இருக்கலாம். அதுதான் அயனியைச் சுமக்கிறதோ என்னவோ! வெப்ப எடையிழப்புச் சோதனையில் தெரிந்துவிடும். மிச்சமிருக்கும் டிஎம்எஃப் லித்தியத்தோடு வினைபுரிந்து பரப்பையும் கெடுக்கும். வேண்டுமென்றே திரவம் சேர்ப்பதில் தவறில்லை, ஆனால் அப்போது அதைப் பாதித் திண்மம் என்றே குறிப்பிடுங்கள்.

அப்புறம் லித்தியத்தின் பங்கு எண்ணையும் (அயனி மின்னோட்டத்தில் லித்தியம் அயனி சுமக்கும் பங்கை) அளந்துவிடுங்கள். உப்பை வெறுமனே ஏற்றிய சட்டகத்தில் எதிரயனியும் (உப்பில் லித்தியத்தோடு இருக்கும் எதிர்மின் அயனியும்) நகரும். லித்தியம் படியும் பக்கத்தில் உப்பு வற்றி, இழைகள் கிளம்ப வழி பிறக்கும். சல்போனேட் போன்ற எதிரயனியைச் சட்டகத்திலேயே பிணைத்துவிட்டால் இந்தப் பங்கு 1ஐ நெருங்கும். இமைன் பிணைப்பை லித்தியம் எலக்ட்ரான் கொடுத்து ஒடுக்கக்கூடும் என்பதும் உண்மைதான். ஆனால் உங்கள் செல் விழுந்தது அதனால் என்று எனக்குத் தோன்றவில்லை. முதலில் வில்லையைக் குளோவ்பாக்ஸில் (காற்று புகாத கையுறைப் பெட்டியில்) உடைத்து, குறுக்குவெட்டில் லித்தியம் இழையின் கருந்தடம் ஓடுகிறதா என்று பாருங்கள்.