பட்டறை நேரம் முடிந்த பிறகு: வாசகர் கேள்விகள்

பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் ஆய்வகத்தையும் பொறியியல் வரைபட வகுப்பையும் கட்டி மேய்த்து ஓய்வு பெற்றவள் நான். படிப்பில் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், வகுப்பு முடிந்த பிறகான நேரத்தைப் பற்றியே பேசுகின்றன. எனக்கும் மகிழ்ச்சிதான். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டே தேய்ந்த விரலுக்கு இது ஒரு மாறுதல்.

அம்மா, நான் இயந்திரவியல் முதலாண்டு மாணவன். ஃபிட்டிங் பட்டறையில் அரம் பிடித்துவிட்டு அறைக்கு வந்தால் கையைத் தூக்க முடியவில்லை. மிஞ்சுவது கைபேசி விளையாட்டு ஒன்றுதான். அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்ளலாமா?

முதலில் அந்தக் கையைப் பார்ப்போம். நீ மணிக்கட்டால் தள்ளுகிறாய் என்று நினைக்கிறேன். இடது காலை முன்னே வைத்து, உடம்பின் எடையைத் தோள் வழியாக அரத்துக்குக் கொடு. இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் மேல்விளிம்பு உன் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். உயரம் சரியாக இல்லையென்றால் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நில். அரத்தின் பற்கள் முன்னோக்கிப் போகும்போதுதான் வெட்டும். திரும்ப இழுக்கும்போதும் அழுத்துகிறவனுக்கு அரமும் மழுங்கும், கையும் வலிக்கும், வேலையும் நடக்காது.

விளையாட்டைப் பொறுத்தவரை நான் பார்ப்பது ஒன்றுதான். நேற்று விளையாடியதைப் பற்றி இன்று யாரிடமாவது பேச ஆசை வருகிறதா? வந்தால் அது பொழுதுபோக்கு. வராவிட்டால் வெறுமனே தூக்கத்தைத் தள்ளிப்போடுகிறாய் தம்பி.

மின்னணுவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வகத்தில் சுற்று அமைப்போம், அளவு எடுப்போம், உடனே எல்லாவற்றையும் பிரித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். எனக்கென்று ஏதாவது ஒன்றைச் செய்து வைத்துக்கொள்ள ஆசை. எதில் தொடங்கலாம்?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம். ஆய்வகப் பயிற்சியின் பெரிய குறை இதுதான்: முழுதாக ஒரு பொருள் உன் கையில் வந்து நிற்பதற்குள் மணி அடித்துவிடும். வேலை செய்கிற ஒரு பொருளை மேசைமேல் வைத்துக்கொண்டு படிக்கிற மாணவனுக்குப் பாடப்புத்தகம் வேறு மாதிரி தெரியும்.

பேட்டரியே இல்லாத ரேடியோவில் தொடங்கு. ஒரு கம்பிச் சுருள், ஒரு மாறு மின்தேக்கி, மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் ஒரு டையோடு, ஒரு இயர்போன், அவ்வளவுதான். ஒலிபரப்பு நிலையத்திலிருந்து வரும் அலையின் ஆற்றலே அதை இயக்குகிறது. சுருள் 240 மைக்ரோஹென்றி, மின்தேக்கி அதிகபட்சம் 365 பிக்கோஃபாரட் என்று எடுத்துக்கொண்டு, இரண்டும் சேர்ந்து எந்த அதிர்வெண்ணுக்கு இசையும் என்று சொல்லும் ஒத்ததிர்வுச் சூத்திரத்தில் நீயே போட்டுப் பார். ஏறத்தாழ 538 கிலோஹெர்ட்ஸ் வரும். மின்தேக்கியை 40 பிக்கோஃபாரட் வரை குறைத்தால் 1,620 கிலோஹெர்ட்ஸைத் தாண்டும். மத்திய அலை (மீடியம் வேவ்) வரிசை முழுவதும் அந்த ஒரு குமிழுக்குள் அடங்கிவிடுகிறது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த சூத்திரம் விரலுக்கு அடியில் திரும்புவதை அப்போது உணர்வாய்.

இரண்டு இடங்களில் மாணவர்கள் வழுக்குவார்கள். முதலாவது டையோடு. ஆய்வக டப்பாவில் கிடக்கும் சிலிக்கான் டையோடைப் போட்டால் ஒன்றும் கேட்காது. அது கடத்தத் தொடங்க 0.6 வோல்ட் அளவுக்கு வேண்டும், உன் ஆன்டெனாவில் அதற்கெல்லாம் வழியில்லை. ஜெர்மானியம் டையோடு 0.2, 0.3 வோல்ட்டிலேயே வழிவிடும். இரண்டாவது இயர்போன். கைபேசியோடு வருவதன் மின்தடை 16 அல்லது 32 ஓம். அதைச் செருகினால் மொத்தச் சுற்றும் அமுங்கிப்போகும். கிரிஸ்டல் இயர்போன் என்று கேட்டு வாங்கு, இல்லையெனில் 2,000 ஓம் அளவிலான பழைய ஹெட்போனைத் தேடு. நீளமான ஆன்டெனாக் கம்பியும் நல்ல எர்த் இணைப்பும் அவசியம். மின்கம்பிக்குப் பக்கத்தில் ஆன்டெனாவைக் கட்டவே கூடாது. இடி மின்னல் நேரத்தில் அந்தப் பக்கமே போகாதே.

பல நாடுகளில் மத்திய அலை ஒலிபரப்பை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகிறார்கள். ஆகவே இதை அடுத்த ஆண்டுக்கென்று தள்ளிப்போடாதே.

இயந்திரவியல் வகுப்பில் நான் உட்பட மிகச் சில பெண்களே. ரோபாட்டிக்ஸ் மன்றத்தில் ஆசையாகச் சேர்ந்தேன். மற்றவர்கள் மோட்டார் பொருத்துகிறார்கள், எனக்குக் கொடுத்த வேலை சுவரொட்டி எழுதுவது. என் கையெழுத்து அழகாம். என்ன செய்வது அம்மா?

உன் கையெழுத்து அழகாகவே இருக்கட்டும் மகளே, அதற்கு நீ அபராதம் கட்ட வேண்டாம்.

எனக்கும் ஒன்று கொடுங்கள் என்று பொதுவாகக் கேட்டால், ஆகட்டும் பார்க்கலாம் என்று பொதுவாகவே பதில் வரும். இன்ன வேலை என்று பெயர் சொல்லிக் கேள். கோட்டைப் பின்தொடரும் ரோபோவைத்தானே செய்துகொண்டிருப்பார்கள்? எல்லா மன்றங்களும் அதில்தான் தொடங்கும். சட்டம் முடுக்குவதற்கும் சக்கரம் மாட்டுவதற்கும் அடிபிடி நடக்கும். கோட்டைக் கண்டறியும் உணரிகளைச் (சென்சார்) சரிபார்க்கும் வேலைக்கு ஆள் வராது, ஏனென்றால் அது மெதுவான வேலை. நீ அதைக் கேட்டு வாங்கிக்கொள். அகச்சிவப்பு ஒளி வெள்ளைத் தரையில் பட்டால் நன்றாகத் திரும்பி வரும், கறுப்புக் கோட்டில் பட்டால் பெரும்பகுதி விழுங்கப்பட்டுவிடும். எந்த அளவுக்கு மேல் வெள்ளை, எதற்குக் கீழ் கறுப்பு என்ற எல்லைக்கோடு காலை வெளிச்சத்தில் ஒன்றாகவும் குழல்விளக்கில் வேறாகவும் இருக்கும். உணரி தரையிலிருந்து கொஞ்சம் உயர்ந்தாலே மாறிவிடும். இதையெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டே வா. பேட்டரி இறங்கும்போது வண்டியின் போக்கு எப்படி மாறுகிறது, ஒரே மின்னழுத்தம் கொடுத்தும் இடது மோட்டார் வலதைவிட எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது, இவையும் அந்த நோட்டில் இருக்க வேண்டும்.

போட்டி நாளன்று அரங்கத்தின் வெளிச்சத்தில் வண்டி கோட்டை விட்டு ஓடும். நிச்சயம் ஓடும், நான் பார்த்த போட்டிகளில் ஓடாத வண்டி அபூர்வம். அப்போது எல்லோரும் உன் நோட்டைத் தேடி வருவார்கள்.

சுவரொட்டியை யார் எழுதுவது? வாரத்துக்கு ஒருவர் என்று பெயர்ப்பட்டியல் எழுதி மன்ற அறையின் கதவில் ஒட்டிவிடு. உன் அழகான கையெழுத்தில் எழுதும் கடைசிச் சுவரொட்டி அதுவாக இருக்கட்டும்.

எல்லா மன்றங்களிலும் சேர்ந்தால் சான்றிதழ் நிறையக் கிடைக்கும் என்று மூத்த மாணவர்கள் சொல்கிறார்கள். சேரலாமா?

ஒன்றில் சேர். சலித்துப்போனால் மாற்றிக்கொள். நேர்முகத் தேர்வில் அமர்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: சான்றிதழ்க் கட்டை யாரும் கடைசிவரை புரட்டுவதில்லை. ‘இதில் நீ என்ன செய்தாய்?’ என்று ஒன்றைக் காட்டிக் கேட்போம், அங்கே முழிக்கிறவர்கள்தான் அதிகம்.

வரைபட வகுப்பில் ஓரத்தில் முகங்கள் வரைந்துகொண்டிருந்தேன். ஆசிரியர் தாளைக் கிழித்துவிட்டார். எனக்கு உண்மையில் பிடித்தது முகம் வரைவதுதான். தவறான படிப்புக்கு வந்துவிட்டேனா?

தாளைக் கிழித்தது அநாகரிகம். ஆனால் எச் பென்சிலில் கோடு போட வேண்டிய தாளில் நீ நிழல் தீட்டியதும் சரியில்லை. தனியாக ஒரு நோட்டு வைத்துக்கொள்.

மேல்தோற்றம், முன்தோற்றம் என்று உன்னைப் பாடாய்ப் படுத்தும் முறைக்கு வடிவம் கொடுத்தவர் காஸ்பார் மோன்ஜ் என்ற பிரெஞ்சுக்காரர். கோட்டை கட்டுவதற்கு அது அவ்வளவு பயன்பட்டதால் முதலில் இராணுவ ரகசியமாகவே வைத்திருந்தார்கள். 1794-இல் பாரிஸில் எக்கோல் பாலிடெக்னிக் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். முகம் வரைகிறவனும் மோன்ஜ் செய்ததைத்தான் செய்கிறான், முப்பரிமாணத்தைத் தட்டையான தாளில் இறக்குகிறான். பக்கவாட்டில் பார்த்த மூக்கை நேராகப் பார்த்தால் எப்படித் தெரியும் என்று மனத்துக்குள் திருப்பிப் பார்க்கத் தெரிந்தவனுக்கு பொருளின் மூன்று பக்கங்களையும் ஒரே படத்தில் காட்டும் ஐசோமெட்ரிக் வரைபடம் எளிது. மேசை, வைஸ், நண்பனின் காலணி என்று கையால் வரைந்து பழகு. பட்டறையில் ஓர் உதிரிப்பாகத்தை விளக்க, கணினியைத் திறப்பதற்குள் நீ தாளில் போட்டுக் காட்டிவிடுவாய். படிப்பை மாற்ற இது காரணமே இல்லை.

என் மகன் மின்னியல் பட்டயப் படிப்பில் சேர்ந்ததிலிருந்து வீட்டில் ஒரு பொருளை விட்டுவைப்பதில்லை. எல்லாவற்றையும் பிரிக்கிறான், பாதியைத் திரும்பப் பூட்டுவதில்லை. தடுப்பதா, விடுவதா?

விடுங்கள் சகோதரி, ஆனால் எல்லை போட்டு விடுங்கள். மைக்ரோவேவ் அடுப்பைத் திறக்கவே கூடாது. அதன் உள்ளே இருக்கும் மின்தேக்கி ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தத்தில் வேலை செய்வது. இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம், ஆளைக் கொல்லலாம். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியும் அப்படியே. உப்பிய கைபேசி பேட்டரியைக் கிளறுவதும் குத்துவதும் கூடாது, தீப்பிடிக்கும். மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி, மேசைவிளக்கு எல்லாம், இணைப்பைப் பிடுங்கியபின் அவன் பாடு.

பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் கைபேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒட்டுநாடாவில் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். முந்தையதைப் பூட்டாமல் அடுத்ததைத் தொடக்கூடாது என்பது உங்கள் சட்டம். அதை மீறினால் திருப்புளியைப் பறிமுதல் செய்துவிடுங்கள்.

ஐன்ஸ்டைனும் பாலிடெக்னிக்கில் படித்தவர்தானே? அவர் வகுப்புகளுக்கு ஒழுங்காகப் போகவில்லையாம். எனக்குப் பிடித்ததை மட்டும் நானும் படித்தால் என்ன?

இந்தக் கேள்வி இல்லாத ஆண்டே கிடையாது. 1896-இல் சூரிச் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார், வகுப்புகளைத் தவிர்த்தார், வயலின் வாசித்தார், எல்லாம் சரி. தேர்வு நேரத்தில் அவரைக் காப்பாற்றியவை மார்செல் கிராஸ்மன் என்ற வகுப்புத்தோழர் எழுதிவைத்த குறிப்பேடுகள். 1900-இல் பட்டம் பெற்றும் கல்லூரியில் உதவியாளர் வேலை கிடைக்கவில்லை. 1902-இல் பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் வேலை கிடைத்ததும் கிராஸ்மனின் தந்தை சொன்ன பரிந்துரையால். பின்னாளில் பொதுச் சார்பியலுக்கு வேண்டிய கணிதத்துக்கும் அதே கிராஸ்மனிடம்தான் போய் நின்றார். உன் வகுப்பில் அப்படி ஒரு கிராஸ்மன் இருந்தால் எனக்கு எழுது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறேன்.

ரூபிக் கனசதுரத்தை ஒரு நிமிடத்துக்குள் சேர்த்துவிடுவேன். விடுதியில் எல்லோரும் ‘இதனால் என்ன பயன்?’ என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

ஒரு பதிலும் சொல்லாதே, இன்னொரு முறை கலைத்துக் கொடு என்று கையை நீட்டு. எர்னோ ரூபிக் புடாபெஸ்ட்டில் வடிவமைப்புக் கற்பித்த ஆசிரியர். 1974-இல் அதை உருவாக்கியவருக்கே முதல்முறை சேர்க்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. எப்படிக் கலைத்தாலும் 20 நகர்த்தல்களுக்குள் சேர்த்துவிட முடியும் என்று 2010-இல் கணினியின் உதவியோடு நிரூபித்தார்கள். நீ நேரத்தை மட்டும் எழுதியிருக்கிறாய், நகர்த்தல்களை எண்ணவில்லை. ஒருமுறை எண்ணிப் பார். தொடக்கக்காரர்களின் முறையில் சேர்க்கிறாய் என்றால் நூறைத் தாண்டும். எந்தப் படியில் வீணாகச் சுற்றுகிறாய் என்று கண்டுபிடிக்க ஒரு செமஸ்டர் விடுமுறை போதும்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நாளன்று மட்டும் அது பைக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே அமர்ந்து நீ அதைத் திருகும் சத்தம் உள்ளே தேர்வாளருக்குக் கேட்கும்.