கிண்ணம் நிறைய இருப்பது தினையா, உமியா?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி: பக்கத்து வீட்டு அக்கா, மகள் பிரசவத்துக்காகப் பெங்களூரு போயிருக்கிறார். மூன்று வாரத்துக்கு அவருடைய காக்டெயில் பறவை (கொண்டை வைத்த சிறு கிளி) என் பொறுப்பு. ஐந்தாம் நாளிலிருந்து உம்மென்று இருக்கிறது. வைத்த தினை குறையவே இல்லை. இறகு கொட்டுகிறது, ராத்திரி அலகை நறநறவென்று தேய்க்கிறது, ஒற்றைக் காலில் நிற்கிறது. யூடியூபில் பார்த்தால் பறவைக் காய்ச்சல் என்கிறார்கள். கோழிக்கு வாங்கிய டெட்ராசைக்ளின் பொடியைத் தண்ணீரில் கலந்து வைத்தேன். அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை. ஏதாவது ஆகிவிட்டால் அவர் முகத்தில் எப்படி முழிப்பேன்?

கால்நடை மருத்துவர் பதில்:

அந்தப் பொடித் தண்ணீரை முதலில் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் வையுங்கள். அப்புறம் தினைக் கிண்ணத்தை எடுத்து வாசலுக்குப் போய் ஒரு ஊது ஊதுங்கள்.

இந்தப் பறவை தினையை அப்படியே விழுங்காது. அலகால் உரித்து, உள்ளே இருப்பதை மட்டும் தின்றுவிட்டு, உமியைப் பெரும்பாலும் அதே கிண்ணத்தில் விட்டுவிடும். மேலாகப் பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கும். விடுமுறைக் காலத்தில் என்னிடம் வரும் பறவைகளில் சில, உமி நிறைந்த கிண்ணத்தின் முன்னால் பட்டினி கிடந்தவை. முறத்தில் புடைத்துப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கே இது தோன்றுவதில்லை. ஊதினால் பாதி பறந்துவிட்டதா? அதற்கு நோயில்லை, பசி. தினமும் ஊதிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

அடியில் தினை மணியாகவே கிடந்தால்தான் கவலை. அப்போது பறவையைப் பார்க்காதீர்கள், எச்சம் விழும் கூட்டின் அடித்தட்டைப் பாருங்கள். காட்டில் பலவீனமாகத் தெரியும் பறவையைத்தான் பருந்து முதலில் தூக்கும் என்பதால், ஆள் வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து நோயை மறைத்துவிடும். எச்சம் மறைக்காது. தட்டில் வெள்ளைத் தாள் விரித்து ஒரு நாள் விடுங்கள். நன்றாகத் தின்னும் காக்டெயில் 25, 30 தடவைக்குக் குறையாமல் எச்சமிடும். விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குக் குறைந்து, கரும்பச்சையாகச் சுருங்கியிருந்தால் வயிறு காலி என்று அர்த்தம். கூடவே பகலிலும் இறகை உப்பிக்கொண்டு கூட்டின் தரையில் உட்கார்ந்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினாலோ நாளை வரை காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவரிடம் போங்கள். 80லிருந்து 100 கிராம் எடையுள்ள உயிர் அது. சமையலறைத் தராசில் 10 கிராம் குறைந்தாலே பெரிய இழப்பு. பக்கத்தில் பறவை பார்ப்பவர் இல்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோழிக்குப் பேர்போன ஊர்தான், ஆனால் கிளியையும் பார்ப்பார்கள்.

கிளம்பும்வரை கூட்டை மூன்று பக்கம் துணியால் மூடி, திறந்த பக்கம் சற்றுத் தள்ளி ஒரு குண்டு பல்பு போடுங்கள். எல்.இ.டி. சூடு தராது. 30 டிகிரி போதும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், பல்பைத் தள்ளி வையுங்கள். சூடு தேவை என்று சமையலறையில் மட்டும் வைக்காதீர்கள். நான்-ஸ்டிக் தவா காலியாகக் காய்ந்து கிளம்பும் புகையில் பறவை நிமிடங்களில் செத்துவிடும்.

மற்றதெல்லாம் ஒன்றுமில்லை. இறகு கொட்டுவது பருவம். அலகைத் தேய்ப்பது தூக்கம் வருவதற்கு, ஒற்றைக் கால் நிம்மதிக்கு. வெளிப் பறவையோ கோழியோ நெருங்காமல் வீட்டுக்குள் தனியே இருக்கும் காக்டெயிலுக்குப் பறவைக் காய்ச்சல் எங்கிருந்து வரும்? அந்த வீடியோவை மூடுங்கள். ஆனால் காய்ந்த எச்சத் தூசி வழியாக மனிதருக்குத் தொற்றும் வேறு நோய் உண்டு என்பதால், எச்சத்தை மட்டும் காய்ந்தபடி பெருக்காமல் ஈரப்படுத்தித் துடையுங்கள். அடுத்த சில வாரங்களில் உங்களுக்குக் காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், வீட்டில் பறவை இருந்ததை உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பொடி விஷயத்தில் எனக்குக் கோபம்தான். அது எவ்வளவு குடிக்கும் என்று தெரியாமல் எப்படி அளவு போட்டீர்கள்? தண்ணீர் கசந்தால் நோயாளிப் பறவை இருக்கிற கொஞ்சத்தையும் குடிக்காது. கூட்டில் பறவை கொத்துவதற்குக் கணவாய் மீன் ஓடு தொங்குகிறதென்றால் அதன் சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேராது.

சரி, அக்கா விஷயம். இன்றைக்கே போன் போடுங்கள் அம்மணி. ஆள் மாறினால் சில நாள் பேசாமல் இருக்கும் பறவையா, தினையை விட்டால் வேறென்ன தின்னும், இதற்கு முன் இப்படி ஆனதுண்டா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நான் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான். மருத்துவரிடம் போகும்போது தட்டுத் தாளை மாற்றாமல் கொண்டுபோங்கள், பொடிப் பாக்கெட்டையும் சேர்த்து.