8 செ.மீ. கோரைப்பல்: வாங்கலாமா?

கேள்வி: "அழிந்துபோன கஸ்தூரி மான் பேரினமான மைக்ரோமெரிக்ஸின் கோரைப்பல்" என்று 8 செ.மீ. நீளப் பல் ஒன்றை இணையத்தில் விற்கிறார்கள். கஸ்தூரி மணம்கூட இன்னும் வீசுகிறதாம். புதைபடிவங்கள் சேகரிக்கும் நான் அதை வாங்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: வேண்டாம்.

மைக்ரோமெரிக்ஸ் வாழ்ந்தது உண்மை. தென்மேற்கு பிரான்சின் சான்சானில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து 1851இல் எதுவார் லார்தே அதற்குப் பெயர் சூட்டினார். ஆனால் அது ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள சிறு விலங்கு. இன்று இமயமலையில் வாழும் கஸ்தூரி மான் 10 கிலோவுக்கு மேல் இருக்கும். அதன் ஆணுக்கே கோரைப்பல் 7 முதல் 10 செ.மீ. வரைதான் வளரும். பாதி உடம்புள்ள விலங்குக்கு 8 செ.மீ. பல் பொருந்தவே பொருந்தாது.

கோரைப்பல்லை மட்டும் வைத்துப் பேரினத்தைச் சொல்லவும் முடியாது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சருகுமானுக்கும் கேளையாட்டுக்கும் கோரைப்பல் உண்டு. அவை வேறு குடும்பங்கள். நிபுணர்கள் கடைவாய்ப்பற்களின் முகடுகளைத்தான் முதலில் பார்ப்பார்கள். மண்டையோடு கிடைத்தால், கண்குழி விளிம்பில் கண்ணீர் நாளத் துளைகளை எண்ணுவார்கள்: மான் குடும்பத்துக்கு இரண்டு, கஸ்தூரி மானுக்கு ஒன்று. மரபணுவின்படியும் கஸ்தூரி மான் ஆடு, மாடுகளுக்கே நெருக்கமான உறவு.

மணம் என்பது முழுப் பொய். கஸ்தூரி, வளர்ந்த ஆணின் தொப்புளுக்கு அருகிலுள்ள சுரப்பியில் ஊறுவது. பல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சுரப்பி போன்ற மென்திசு புதைபடிவமாகும் அத்தனை நீண்ட காலம் தாங்காது.

என் கவலையெல்லாம் வேறு. அந்தப் பல் அண்மையில் கொல்லப்பட்ட ஒரு கஸ்தூரி மானுடையதாக இருக்கலாம். சாயமேற்றிப் பழையதாகக் காட்டுவது எளிது. கஸ்தூரிக்காக இந்த விலங்கைக் கண்ணி வைத்தே அழித்துக்கொண்டிருக்கிறார்கள். பல்லுக்கும் ஒரு சந்தையை நாம் உண்டாக்கித்தர வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு இது. அதன் உடற்பாகத்தை வைத்திருந்தாலே 3 முதல் 7 ஆண்டுவரை சிறை. ஆகவே 'சோதித்துப் பார்க்கலாம்' என்றுகூட வரவழைக்காதீர்கள். விளம்பரத்தைப் படமெடுத்து, இணைப்போடு வனத்துறைக்கோ வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவுக்கோ அனுப்புங்கள்.

மைக்ரோமெரிக்ஸ் மீது ஆசை உண்மையானதென்றால், அருங்காட்சியக மாதிரியிலிருந்து எடுத்த கீழ்த்தாடை வார்ப்பைத் தேடுங்கள். அதிலுள்ள கடைவாய்ப்பற்களை உருப்பெருக்கியில் பார்த்தால், தனியான ஒரு கோரைப்பல்லைவிட அதிகம் கற்றுக்கொள்ளலாம்.