வேலையில் மனிதராகத் தெரிவதற்கும் ஓர் அளவு உண்டு

"உங்கள் பலவீனம் என்ன?" என்று கேட்டால், "எதிலும் சின்னக் குறைகூட இருக்கக் கூடாது என்று நினைப்பேன் சார், அதுதான் என் பலவீனம்" என்று சொல்லத் தயாராக இருக்கிறீர்களா? தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். நேர்முகத் தேர்வு நடத்துபவர்களுக்கு அது கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பதில். "சரி, அதனால் வேலை கெட்டுப்போன ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்" என்று அடுத்த கேள்வி வந்ததும், மனப்பாடம் செய்தவருக்குப் பேச்சு நின்றுவிடும்.

உண்மையான ஒரு குறையைச் சொல்லுங்கள். அது என்ன, அதனால் என்ன இழப்பு வந்தது, இப்போது என்ன செய்கிறீர்கள் என்ற மூன்றும் அரை நிமிடத்துக்குள் அடங்கட்டும். "இறுதியாண்டு ப்ராஜெக்டில் என் பகுதியில் ஒரு சிக்கல். நானே சரிசெய்துவிடலாம் என்று இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்க வைத்திருந்த நேரம் முழுக்க அதில் போயிற்று. இப்போதெல்லாம் அரை மணி நேரம் முட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டுவிடுகிறேன்." இது போதும். ஆனால் அந்த வேலையின் அடிப்படையிலேயே கை வைக்கும் குறையைச் சொல்லாதீர்கள். கணக்கர் வேலைக்குப் போய் "எண்களில் கவனம் சிதறும்" என்பது நேர்மைதான், ஆனால் நீங்கள் தேட வேண்டியது வேறு வேலை.

எப்போது சொல்கிறீர்கள் என்பதும் முக்கியம். உளவியலாளர் எலியட் அரான்சனும் சகாக்களும் 1966-இல் ஒரு சோதனை செய்தார்கள். வினாடி வினாப் போட்டிக்கான தேர்வு ஒன்றின் ஒலிப்பதிவை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். 92 சதவீதக் கேள்விகளுக்குச் சரியாக விடை சொன்னவர் கடைசியில் காபியைத் தன்மேல் கொட்டிக்கொண்டபோது கேட்டவர்களுக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது. 30 சதவீதம் மட்டும் சரியாகச் சொன்னவர் கொட்டியபோது, இருந்த மதிப்பும் குறைந்தது. ஆகவே உங்களால் என்ன முடியும் என்பதை முதலில் காட்டுங்கள், குறை பிறகு வரட்டும். முதல் வேலையின் முதல் வாரத்திலேயே "எனக்கு ஒன்றும் தெரியாது சார்" என்று பணிவு காட்டுபவர்கள் இந்த இடத்தில்தான் அடிபடுகிறார்கள்.

வேலையில் சேர்ந்தபின் தவறு நேராமல் இருக்காது. நேர்ந்தால், கண்டுபிடித்த சில நிமிடங்களிலேயே மேலாளரிடம் சொல்லுங்கள்: "சார், காலையில் அனுப்பிய விலைப்பட்டியலில் மூன்றாவது வரியில் பழைய விலையைப் போட்டுவிட்டேன். இரண்டு வாடிக்கையாளர்களுக்குப் போயிருக்கிறது. திருத்திய பட்டியல் தயார். நீங்கள் சரி என்றால் இப்போதே அனுப்பிவிட்டு போனிலும் சொல்லிவிடுகிறேன்." எது தவறு, யார் செய்தது, எதுவரை பரவியிருக்கிறது, எப்படிச் சரிசெய்வது எல்லாம் இதில் வந்துவிட்டன. "போட்டுவிட்டேன்" என்ற வினையைக் கவனியுங்கள். நம் மொழியில் "தப்பு நடந்துபோச்சு" என்று யார்மேலும் படாமல் சொல்லிவிட முடியும். பலர் அதில்தான் ஒளிந்துகொள்கிறார்கள், கேட்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும். காரணத்தைக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். முதலிலேயே சொன்னால் சாக்காகத்தான் காதில் விழும். மன்னிப்பு ஒரு முறை போதும். ஐந்து முறை கேட்டால், மேலாளர் வேலையை விட்டுவிட்டு உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும்.

உதவி கேட்கும்போது "புரியலை" என்று மட்டும் சொல்லாமல், எதுவரை புரிந்தது, என்னென்ன செய்து பார்த்தீர்கள், எங்கே நிற்கிறது என்று சொல்லுங்கள். கற்றுக்கொடுப்பவரின் நேரத்தை மதிப்பது அதுதான். பக்கத்து இருக்கைக்காரர் விடுப்பு முடிந்து வரும்போது, "நீங்கள் இல்லாதபோது இந்த இரண்டு மெயிலுக்குப் பதில் போட்டிருக்கிறேன், இது உங்களுக்காக நிற்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். பத்து நலம் விசாரிப்புகளைவிட அது அவருக்குப் பெரிய நிம்மதி.

வீட்டுக் கஷ்டத்தை அலுவலகத்தில் எவ்வளவு சொல்லலாம் என்று பலரும் தயங்குகிறார்கள். மேலாளருக்கு முழுக் கதை வேண்டாம், வேலையில் அது எங்கே இடிக்கும் என்பது போதும்: "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. இந்த வாரம் 5 மணிக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். வியாழக்கிழமை அறிக்கை தள்ளிப்போகாது." மூன்று வாரம் பழகியவரிடம் சம்பளம், குடும்பச் சண்டை, சக ஊழியர்மேல் வருத்தம் எதையும் கொட்ட வேண்டாம். நாளை அதுவே வேறொருவர் வாயிலிருந்து வந்தால் உங்களால் தாங்க முடியுமா என்று யோசித்துவிட்டுப் பேசுங்கள்.

பெற்றோர்களே, இந்தப் பழக்கம் வீட்டில்தான் உருவாகிறது அல்லது உடைகிறது. "ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்று பிள்ளை வந்து நிற்கும்போது, "ஏன் இப்படிப் பண்ணினே?" என்று ஆரம்பித்தால் அடுத்த முறை அது உங்கள் காதுக்கே வராது. "யார்கிட்ட சொன்னே? இப்ப என்ன செய்யலாம்னு நினைக்கிறே?" என்று கேளுங்கள். சாப்பிட உட்காரும்போது, அன்று உங்கள் வேலையில் நீங்கள் செய்த பிசகையும் அதை எப்படிச் சமாளித்தீர்கள் என்பதையும் அவர்கள் காதுபடச் சொல்லுங்கள்.