எது நம்ம ஊரு சாப்பாடு? தர்மபுரி, கிருஷ்ணகிரி சமையல் கேள்வி பதில்

பென்னாகரம் பக்கம் பொறந்து கிருஷ்ணகிரில வாக்கப்பட்டவ நான், 12 வருஷம் சின்னதா ஒரு மெஸ் நடத்தினேன். கேட்டவங்களுக்கு எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: அக்கா, ராகி களி, களின்னு நாம பெருமை பேசுறோம், பெங்களூர்காரங்க அதையே முத்தெங்கறாங்க, சித்தூர் பக்கம் சங்கட்டிங்கறாங்க. அப்புறம் அது எப்படி நம்ம ஊரு சாப்பாடு?

தம்பி, மாவட்டக் கோடெல்லாம் நேத்து போட்டது. சேலத்துல இருந்து தர்மபுரி பிரிஞ்சது 1965ல, தர்மபுரில இருந்து கிருஷ்ணகிரி பிரிஞ்சது 2004ல. அதுக்கெல்லாம் முன்னாடி இதுல பெரும்பகுதி பாராமகால் சீமை, 1792 வரைக்கும் மைசூர் கையில இருந்துச்சு, திப்பு கிட்ட இருந்து தான் கிழக்கிந்திய கம்பெனிக்காரன் வாங்கினான். மேட்டாங்காடு, மானாவாரி, மழைய நம்பி வெதைக்கிற ராகி, இது மூணும் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் இந்த உருண்டை இருக்கும், பேரு தான் மூணு பாஷைல மூணு.

வித்தியாசம் உருண்டைல இல்ல, அதுக்கு தொட்டுக்கிறதுல இருக்கு. தேன்கனிக்கோட்டை பக்கம் கன்னடம் பேசுற வீட்டுல பஸ்ஸாரு வைப்பாங்க, பருப்பும் கீரையும் வெந்த தண்ணிய வடிச்சு அதுல சாறு, வடிச்சது பொரியல். எங்கம்மா வீட்டுல மழைக்கு காட்டுல தானா மொளைக்கிற பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமுட்டிக்கீரை எது கெடைக்குதோ எல்லாத்தையும் மடில கட்டிட்டு வந்து, புளியும் பச்சமிளகாயும் போட்டு மண்சட்டில மத்தால கடையுறது தான். மழை இல்லாத வருஷம் அந்த கீரை வராது, கொள்ளு கடைசலுக்கு போயிருவோம். நான் பாக்குற அளவு இது ஒண்ணு தான், மழை பொய்ச்சா உன் தட்டு மாறுதா? மாறுச்சுன்னா அது அந்த ஊரு சாப்பாடு. ஹைவே ஓட்டல் பரோட்டா எந்த வருஷமும் மாறாது.

கேள்வி: தக்காளி, மிளகா, வேர்க்கடலை எல்லாமே வெளிநாட்டுல இருந்து வந்தது தானே? பாரம்பரியம்னு சொல்றதே தப்பில்லையா?

வந்தது தாங்க, இல்லன்னு யாரு சொன்னா. ராகியே ஆப்பிரிக்கால இருந்து வந்தது தான், என்ன, வந்து ஆயிரக்கணக்கான வருஷம் ஆச்சு. நம்ம தகடூர், அதான் இப்ப தர்மபுரி, அத ஆண்ட அதியமானோட முன்னோர் கரும்ப இந்த மண்ணுக்கு கொண்டு வந்தாங்கன்னு புறநானூறு 99வது பாட்டுல ஔவையார் பாடியிருக்காங்க, வெளிய இருந்து வந்ததுங்கறத ஒரு குறையாவா சொன்னாங்க, பெருமையா தான் சொன்னாங்க. இன்னைக்கு பாலக்கோட்டுல சர்க்கரை ஆலையே இருக்கு. தக்காளியும் அப்படித்தான், பாலக்கோடு, ராயக்கோட்டை மார்க்கெட்ல வெலை சரியுற நாள்ல எங்க தெருவுல எல்லா வீட்டுலயும் தக்காளி கடைசல் தான், ஏறுனா திரும்ப புளிக்கு வந்துருவோம். எங்க பொறந்துச்சுன்னு தேடாதீங்க, இங்க வந்து நம்ம வீட்டு கணக்குக்குள்ள வந்துச்சான்னு பாருங்க.

கேள்வி: நான் சென்னைல இருக்கேன்கா, ஊருல பாட்டி வைக்கிற பிதுக்கம்பருப்பு குழம்பு இங்க வரவே மாட்டேங்குது. காஞ்ச மொச்சைல தான் பண்றேன். என்ன தப்பு?

கைப்பக்குவத்துல தப்பு இல்லம்மா, காயில தான். மார்கழி தைல பச்ச அவரை வரும் பாரு, பனி விழுந்தா தான் அந்த தோல்ல எண்ணெ மாதிரி பிசுபிசுன்னு ஒண்ணு ஏறும், உரிச்சு முடிச்சா கை ரெண்டும் ஒட்டும், சோப்பு போட்டாலும் சாயங்காலம் வரைக்கும் வாசம் போகாது, குழம்புக்கு வர்ற வாசம் அது தான். கொட்டைய ராத்திரி தண்ணில ஊறப்போட்டு காலைல கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு ஒரு அழுத்து அழுத்துனா தோல் கையில நின்னுரும், பருப்பு குதிச்சு சட்டில விழும். வீட்டுல எல்லாரும் வட்டமா உக்காந்து பேசிக்கிட்டே பிதுக்குவோம், ஒருத்தரால ஆகுற வேலை இல்ல அது. தேங்கா, கசகசா, பட்டை, கிராம்பு, மல்லி அரைச்சு ஊத்தி கொதிச்சப்புறம் பருப்ப போடு, கொழைய விட்றாத.

மெஸ் வச்சிருந்தப்ப ஒரு ஆவணி மாசம் காஞ்ச மொச்சைய ஊறவச்சு பிதுக்கி பண்ணிட்டு போர்டுல பிதுக்கம்பருப்புன்னு எழுதிட்டேன். காவேரிப்பட்டணம் பக்கத்து பெரியவர் ஒருத்தர் ஒரு வாய் வச்சுட்டு, “ஏம்மா, இது பனி பாக்காத காயி”ன்னாரு. அதோட தைமாசம் போனா அந்த பேர போர்டுல எழுதறதே இல்ல. நீ பொங்கலுக்கு வர்றப்ப பிதுக்கி ஃப்ரீசர்ல வச்சு எடுத்துட்டு போ, கொஞ்ச நாளைக்கு தாங்கும்.

கேள்வி: ஒகேனக்கல் மீன் வறுவல் லோக்கலா?

அங்க வர்ற கட்லாவும் ரோகுவும் வடக்க கங்கைல இருந்து கொண்டு வந்து நம்ம தண்ணில விட்ட மீன் தான். ஆனா நீங்க வாங்கி குடுக்குற மீன அங்கயே கழுவி மசாலா தடவி உங்க கண்ணு முன்னாடி சமைச்சு தர்ற அந்த அக்காங்க இருக்காங்க பாருங்க, அந்த கை லோக்கல். மசாலாவ கம்மியா போட சொல்லி கேளுங்க, மீன் ருசி தெரியும்.

கேள்வி: கிருஷ்ணகிரின்னா மாங்கா தானே, மாங்கால நம்ம ஊரு சமையல் என்ன இருக்கு?

பெங்களூரான்னு நாம சொல்ற கிளிமூக்கு மாங்கா பெரும்பாலும் மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்கு தான் போகுது. வீட்டுல காத்துக்கு உதுர்ற காய புளிக்கு பதிலா பருப்புல போடுவோம், அவ்வளவு தான்.

கேள்வி: 2023ல இருந்து தர்மபுரில ரேஷன்ல அரிசிக்கு பதிலா 2 கிலோ ராகி குடுக்க ஆரம்பிச்சாங்கல்ல, வாங்கி அரைச்சு வச்சுட்டேன், களி கிண்டுனா கட்டி கட்டியா வருது. ஹெல்ப் பண்ணுங்கக்கா.

அரிசி நொய்ய முதல்ல தண்ணில வேகவிடுங்க. நல்லா கொழைஞ்சப்புறம் மாவ நடுவுல மலை மாதிரி கொட்டி, துடுப்பு காம்பால நடுவுல ஒரு குழி போடுங்க, கிண்டாதீங்க, எல்லாரும் தப்பு பண்றது இங்க தான். தீய கொறச்சு மூடிருங்க, குழி வழியா தண்ணி கொதிச்சு மாவு மேல வழியணும். மாவு நெறம் கருத்தப்புறம் எறக்கி வச்சு ஓரத்துல இருந்து நடுவுக்கு அழுத்தி கிண்டுங்க. ஈரக்கையால தொட்டா ஒட்டக்கூடாது, ஒட்டுனா இன்னும் வேகல. மீந்துச்சுன்னா ஒரு உருண்டைய தண்ணில போட்டு வைங்க, காலைல மோர் ஊத்தி கரைச்சு சின்ன வெங்காயம் கடிச்சுக்கிட்டு குடிங்க.