தகரக் கூரையும் பானைத் துளையும்

கேள்வி: எங்கள் ஊரில் படிப்பகம் கட்டப் போகிறார்கள். "உங்களைக் கலந்துதான் கட்டுவோம்" என்கிறார் பொறியாளர். கட்டடம் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்? இதெல்லாம் கண்துடைப்புதானே?
– ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போனால் கண்துடைப்புதான். எதிர்த்துப் பேசிப் பாருங்கள், காது கொடுக்கிறாரா என்று தெரிந்துவிடும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோ என்றொரு நாடு. அங்கே காண்டோ கிராமத் தலைவரின் மகன் ஃபிரான்சிஸ் கேரே. பெர்லினில் கட்டடக்கலை படிக்கும்போதே பணம் திரட்டி, சொந்த ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்ட வந்தார். மண்ணில் கட்டலாம் என்றதும் ஊர் முகம் சுளித்தது. மழைக்கு மண் சுவர் நிற்காது என்பது அவர்கள் அனுபவம். இதற்கா ஜெர்மனி போய்ப் படித்தான் என்று தோன்றாதா?

கேரே மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் கலந்து, அழுத்திக் கல் அறுக்க வைத்தார். சுவரில் சாரல் படாதபடி தகரக் கூரையை வெளியே நன்றாக நீட்டினார்.

தகரமா என்று எனக்குப் பகீர் என்றது. நான் ஐந்தாவது படித்தது தகரக் கொட்டகையில். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கணக்கு வாத்தியாரே எங்களை வேப்பமரத்தடிக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். காண்டோவில் அப்படி இல்லை. வகுப்புக்கு மேலே அதே மண்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய உட்கூரை. அதற்கும் மேலே, கம்பிச் சட்டத்தில் தூக்கி நிறுத்திய தகரம். நடுவே காற்று புகுந்து சூட்டை அள்ளிக்கொண்டு போகிறது. அந்தச் சட்டத்துக்குக் கம்பி அறுத்து வெல்டிங் வைத்தவர்கள், வேலையை அங்கேயே கற்றுக்கொண்ட ஊர்க்காரர்கள். பிள்ளைகள் அஸ்திவாரத்துக்குக் கல் சுமந்தார்கள், பெண்கள் தண்ணீர் சுமந்தார்கள். 2001இல் மூன்று வகுப்பறைகள் தயார். (2022இல் கேரேவுக்குக் கட்டடக்கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் கிடைத்தது, ஆப்பிரிக்கர் ஒருவர் அதை வாங்கியது அதுவே முதல்முறை.)

எனக்குப் பிடித்தது அப்புறம் எழுப்பிய நூலகம். ஊர்ப் பெண்கள் கையால் வனைந்த பானைகளை அறுத்து, கூரைத் தளத்திலேயே பதித்தார்கள். அந்தத் துளைகள் வழியாக வெளிச்சம் இறங்குகிறது, சூடு ஏறிப் போகிறது. பானை வனையத் தெரிந்தவர்களிடம் போய், கட்டடம் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்க முடியுமா?

பொறியாளர் வரைபடத்தோடு வரட்டும். மதியம் இரண்டு மணி வெயில் எந்தச் சுவரில் விழும், ஐப்பசி மழையில் தண்ணீர் எந்தப் பக்கம் தேங்கும் என்று அவரைக் கேளுங்கள். முழித்தால், நீங்களே இடத்தைக் காட்டுங்கள்.